எடுத்துடலாம்

எங்கள் சலவைக்கூடத்தில் மெதுவாகப் பேசுகிறவர்களுக்குப் பிழைப்பு கிடையாது. துவைக்கிற மிஷின்கள் ஒரு பக்கம் உருண்டுகொண்டே இருக்கும். பிழிகிற மிஷின்கள் அதைவிட மோசம். சுற்ற ஆரம்பித்தால் தரை அதிரும், பல் கூசும். ஓட்டல் படுக்கை விரிப்பு, ஆஸ்பத்திரி விரிப்பு, தலையணை உறை, துண்டு, டாக்டர்கள் போடுகிற பச்சை அங்கி என்று மூட்டை மூட்டையாக வரும். வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து இறக்குவது நான். வெளுத்துப் பிழிந்ததைச் சூடான உருளைகளுக்கு நடுவே ஓடவிட்டு எடுத்தால், பெண்கள் இரண்டு இரண்டு பேராக நின்று மடிப்பார்கள். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து சேருவார்கள். சேருகிற அந்த நொடியில்தான் ரகசியம் பேச முடியும். மற்றதெல்லாம் கத்தல்தான்.

கத்தலில் முதலிடம் ரேடியோ அக்காவுக்கு. அந்தப் பெயரை வைத்தது நான்தான், அதற்காக அவள் என்னை மன்னித்ததே இல்லை. உருளைப் பக்கம் அவள் தும்மினால் பாய்லர் அறையில் கேட்கும். பாய்லர் அறையில் இருப்பவன் அவளுடைய தம்பி. அவன் நேர் எதிர். ஆவி அழுத்தம் காட்டுகிற முள்ளைப் பார்த்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பான். ஒன்று கேட்டால் தலையாட்டுவான், இன்னொரு தரம் கேட்டால் "ம்" என்பான், மூன்றாம் தரம் கேட்க நமக்கே வெட்கமாகிவிடும். இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுத்த வாயை இவளே அமுக்கிக்கொண்டு பிறந்துவிட்டாள் என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

"உனக்கு மூளையில பங்கு குடுக்காம அமுக்கினது யாருன்னு உங்க வீட்ல போய்க் கேளு" என்பாள் அவள்.

பாய்லர்காரன் மனைவியும் இங்கே மடிப்பு வேலை பார்த்தவள்தான். நான் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன், ஆனால் சொந்தம் ஒன்றுமில்லை. அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர், அவ்வளவுதான். கல்யாணமாகிப் பல வருஷம் ஏமாந்து ஏமாந்து, கடைசியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பாப்பா அழுதால் அந்தச் சுவர் எனக்கு ஒரு மறைப்பே இல்லை. என் மனைவி பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, "நம்ம வீட்லயா?" என்று கேட்பாள்.

அந்த மாதம் மழை விடவே இல்லை. சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் இருமல். பாப்பாவுக்கு முதலில் மூக்கு ஒழுகியது. நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் பாலுக்கு வாய் வைப்பாள், இரண்டு மடக்குக்குள் விட்டுவிடுவாள், மூச்சு வாங்குவாள். ஒரு நாள் காலையில் தங்கச்சி அவளைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு ஓடி வந்து சட்டையை விலக்கிக் காட்டினாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழுந்தது. உதட்டைச் சுற்றி ஒரு நீலம். வேனில் கிடந்த அழுக்குத் துணி மூட்டைகளைக்கூட இறக்காமல் அப்படியே ஆஸ்பத்திரிக்கு விட்டேன்.

குழந்தைகளின் தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்கு நான் துணி கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன், உள்ளே இருக்கிறவர்களைப் பார்த்ததில்லை. வரிசையாகக் கட்டில்கள். கட்டில் என்னவோ பெரியதுதான், அதன் நடுவில் கிடக்கிறது ஒரு சாண் உயிர். பாப்பாவின் வாய் வழியாக ஒரு குழாய் விட்டு, கன்னம் இரண்டிலும் பட்டி போட்டு ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் மூச்சு விடுகிற மிஷின். பாப்பா முகத்தைச் சுருக்கி அழுவாள், கண்ணில் தண்ணீர் வரும், சத்தம் வராது. குழாய் குரல்வளைக்கு நடுவில் போவதால் அப்படி என்று நர்ஸ் சொன்னார். தங்கச்சிக்கு அதுதான் தாங்கவில்லை.

"அழறா அண்ணே. எதிர்ல நிக்கறேன், எனக்குக் கேக்கலை. நான் என்ன அம்மா?" என்றாள்.

அடுத்த கட்டிலில் ஒரு பஸ் கண்டக்டருடைய மகன். பாப்பாவைவிடச் சின்னவன். ரத்தத்தில் கிருமி பரவியிருந்தது. கண்டக்டர் டூட்டி முடிந்த கையோடு காக்கிச் சட்டையிலேயே வந்து உட்காருவார். வாயில் எப்போதும் ஒரு கேலி இருக்கும். வெளியே பெஞ்சில் யாராவது நகர்ந்து இடம் கொடுத்தால், "இன்னும் உள்ள போங்க சார், உள்ள எடம் காலியா இருக்கு" என்பார். பாய்லர்காரனையே ஒரு தரம் சிரிக்க வைத்த மனுஷன் அவர். இரண்டு பேரும் டீயும் பன்னும் பங்கு போட்டுச் சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பையன் பிழைக்கவில்லை. டாக்டரம்மா கண்டக்டரைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இனிமே மிஷின்தான் மூச்சு விடுதுங்க, அவன் விடலை. நீங்க சரின்னு சொன்னா எடுத்துடலாம்" என்று சொன்னபோது, பாய்லர்காரன் கண்டக்டரின் பையைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே நின்றிருந்தான். கண்டக்டர் கொஞ்ச நேரம் மகனின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையாட்டினாராம். அப்புறம் வெளியே வந்து சொந்தக்காரர்களுக்குப் போன் செய்து, "சாயங்காலம் எடுக்கறோம், வந்துடுங்க" என்று ஒவ்வொருவருக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். இதை எனக்குச் சொல்லி முடிக்க பாய்லர்காரனுக்கு ஒரு பொழுது ஆயிற்று. அவன் வாழ்க்கையில் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

இதற்கு நடுவில் தங்கச்சிக்கே காய்ச்சல் வந்துவிட்டது. வாசலில் நர்ஸ் நெற்றிக்கு நேராகக் கருவியைக் காட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்.

"காய்ச்சலோட உள்ள வரக்கூடாதும்மா. உங்க குழந்தைக்கு மட்டும் இல்ல, இங்க இருக்கற எல்லாக் குழந்தைங்களுக்கும் ஆபத்து."

"தூரமா நின்னு பார்த்துட்டுப் போயிடறேன் சிஸ்டர்."

"வீட்டுக்குப் போய்ப் படுங்க. பாலை மட்டும் எடுத்துக் குடுத்துவிடுங்க. அது அவளுக்கு வேணும்."

அழுதாள், சண்டை போட்டாள், போனாள். வீட்டில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பால் பீய்ச்சி டப்பாவில் அடைப்பதும், அதைப் பாய்லர்காரன் வேலைக்கு வருகிற வழியில் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு வருவதுமாக நாட்கள் போயின. குழாய் வழியாகத்தான் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தும், "குடிச்சாளா?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பாள். அவன் "ம்" என்பான்.

போன் வந்தது ஒரு மத்தியானம். சாப்பாட்டு வேளை முடிந்து மிஷின்கள் எல்லாம் ஒன்றாக ஓட ஆரம்பித்திருந்தன. பாய்லர் அறைக்குள் சிக்னல் கிடைக்காது, அதனால் அவன் வெளியே வந்து பிழிகிற மிஷினுக்குப் பக்கத்தில் நின்று ஒரு காதில் போனும் இன்னொரு காதில் உள்ளங்கையுமாக எடுத்தான். நான் தள்ளுவண்டியோடு அவனைத் தாண்டித்தான் போனேன். "ம்... ம்... சரிங்க" என்றான். போனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய் முள்ளைப் பார்க்க உட்கார்ந்துவிட்டான்.

எனக்கு என்னவோ மாதிரி இருந்தது. பின்னாலேயே போனேன்.

"யாருப்பா?"

"ஆஸ்பத்திரி."

"என்னவாம்?"

முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாளைக்குக் காலையில எடுத்துடலாம்னு சொல்றாங்க. காய்ச்சல் விட்டிருந்தா அவங்கம்மாவையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. பக்கத்துல இருக்கட்டுமாம்."

நான் அப்படியே கரி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அவன் எழுந்து மடிப்பு மேஜைப் பக்கம் நடந்தான். ரேடியோ அக்கா ஒரு பெரிய விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து எதிரே நிற்பவளோடு உதறிக்கொண்டிருந்தாள். தம்பி வந்து காதோரம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். அவள் கை விட்டுவிட்டது. வெளுத்த துணி தரையில் விழுந்தால் மறுபடியும் துவைக்கப் போட வேண்டும், சூபர்வைசர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பார். அன்றைக்கு அவரும் பார்த்துக்கொண்டு நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. அக்கா கத்தவில்லை என்பதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கத்தினாள். அந்தச் சத்தத்துக்குப் பிழிகிற மிஷினை யாரோ நிறுத்திவிட்டார்கள்.

சூபர்வைசர் மட்டும் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். "எதுக்கும் டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமே?"

"என்னத்தைக் கேக்கறது?" என்று அக்கா அவர் மேல் பாய்ந்தாள். "அந்த வார்த்தையை இன்னொரு தரம் அவன் காதால கேக்கணுமா? ஒரு தரம் கேட்டது பத்தாதா?"

அதற்கு மேல் யார் வாயைத் திறப்பது? தங்கச்சிக்கு இப்போது சொல்ல வேண்டாம், காய்ச்சலில் கிடக்கிறவள், காலையில் அழைத்துப் போய் அங்கே சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவானது. முடிவு செய்ததும் அக்காதான். மடிப்புக்காரப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு வேலை செய்தார்கள். புதிதாக வந்திருந்த வெள்ளைத் துணியில் ஒரு துண்டு வெட்டி, ஓரம் தைத்து, உருளையில் ஓட்டி, குழந்தை அளவுக்கு மடித்து உறையில் போட்டார்கள். கெட்டிக்காரத்தனமாக அழுகிறவர்கள் எங்கள் பெண்கள். கண்ணீர் ஒன்றும் துணியில் படவில்லை.

மறுநாள் காலையில் மழை நின்றிருந்தது. தங்கச்சிக்குக் காய்ச்சல் சுத்தமாக விட்டிருந்தது. டாக்டர் வரச் சொன்னார் என்று மட்டும் அவளிடம் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் எழுந்து தலைக்குக் குளித்து, துவைத்த சேலை கட்டி, பால் டப்பாவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வேனின் கதவைத் திறப்பதில் ரொம்ப மும்முரமாக இருந்தேன்.

முன்னால் என் பக்கத்தில் பாய்லர்காரன். பின்னால் துணி மூட்டைகள் மேல் தங்கச்சி, ரேடியோ அக்கா, மடிப்புக்காரப் பெண்கள் இரண்டு பேர். மற்றவர்கள் பஸ்ஸிலும் வண்டியிலுமாக ஏற்கெனவே கிளம்பிவிட்டார்கள்.

"என்ன அண்ணி, எல்லாரும் வர்றீங்க? மடிப்பு யாரு பார்க்கறா?" என்று தங்கச்சி கேட்டாள்.

"லீவு" என்றாள் அக்கா.

"எல்லாருக்குமா? சூபர்வைசருக்கு என்ன, உடம்பு சரியில்லையா?" என்று சிரித்தாள். யாரும் சிரிக்கவில்லை. "ஏன் அண்ணி உங்க குரல் இப்படி இருக்கு? உங்களுக்கும் காய்ச்சலா? அப்ப நீங்க உள்ள வராதீங்க. மடியில என்ன, சாப்பாடா?"

"ஒண்ணுமில்ல."

"குடுங்க, நான் வச்சுக்கறேன்."

"வேணாம்டி..."

கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் ஓட்டினேன். தங்கச்சி உறையை இழுத்துப் பிரித்தாள். துணியை மடியில் வைத்து விரல் ஓட்டிப் பார்த்தாள். மடிப்பு வேலை பார்த்தவளுக்கு மடிப்பு என்ன சொல்கிறது என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. புதுத் துணி. வெள்ளை. குழந்தை நீளம்.

"வண்டியை நிறுத்துங்க அண்ணே."

ஓரம் கட்டினேன். பின்னால் ஹாரன் அடித்தவனைத் திட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"என்னங்க" என்று கணவனைக் கூப்பிட்டாள். "திரும்புங்க. டாக்டர் என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லுங்க, ஒரு வார்த்தை விடாம."

அவன் திரும்பினான். "நாளைக்குக் காலையில எடுத்துடலாம். உன்னையும் கூட்டிட்டு வரணும். பக்கத்துல இருக்கட்டும்."

"எடுத்துடலாம்னா? எதை?"

அவன் விழித்தான்.

"எதை எடுக்கறாங்கன்னு கேட்டேன்."

"எதைன்னு... சொல்லலை."

"அவங்க சொல்லலையா, உங்களுக்குக் கேக்கலையா?"

"பிழியற மிஷின் ஓடிட்டு இருந்துச்சு."

"ஐயோ கடவுளே" என்றாள் அவள். "அந்தப் பச்சப்புள்ள மேல எடுக்கறதுக்கு எவ்வளவு கெடக்கு! வாயில ஒரு குழாய், மூக்குல ஒரு குழாய், கையில ஊசி, கால்ல செவப்பு லைட்டு, நெஞ்சு பூரா வயரு. இதுல எதைன்னு ஒரு வார்த்தை கேக்க வாய் வரலையா உங்களுக்கு? ஊரைக் கூட்டத் தெரிஞ்சுது?"

"கண்டக்டர்கிட்டயும் இதேதான் சொன்னாங்க" என்றான் அவன். "நான் கூடவே நின்னேன்."

அந்தப் பையனை அவளுக்குத் தெரியும். அவன் கட்டிலுக்கும் பாப்பா கட்டிலுக்கும் நடுவில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டவள் அவள். உதட்டைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தாள். அப்புறம் துணியைப் பழைய மடிப்பிலேயே மடித்து உறையில் போட்டு அக்காவிடம் கொடுத்தாள்.

"அங்க போய்க் கேக்கறேன். நான் கேக்கற வரைக்கும் இந்த வண்டியில யாரும் அழக்கூடாது. வண்டியை எடுங்க அண்ணே."

எடு என்கிற சொல் எத்தனை வேலை பார்க்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வண்டி எடுக்கிறோம், லீவு எடுக்கிறோம், படம் எடுக்கிறோம், பசி எடுக்கிறது. செத்தவர்களையும் எடுக்கிறோம். நான் வண்டியை எடுத்தேன். அவள் கேட்ட அந்த "எதை" என்கிற கேள்வியைத் தொற்றிக்கொண்டுதான் மிச்ச வழி முழுக்கப் போனோம். நம்பிக்கை என்று சொல்ல பயமாக இருந்தது, இல்லை என்று சொல்லவும் மனசு வரவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் எங்கள் ஆட்கள் ஒரு கூட்டமாக நின்றிருந்தார்கள். சொந்தக்காரர்கள் வேறு வந்திருந்தார்கள். ரேடியோ அக்கா ஒலிபரப்பு அவ்வளவு தூரம் போயிருக்கிறது. தங்கச்சி இறங்கியதுதான் தாமதம், பெண்கள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அழுதபடி ஓடி வந்தார்கள்.

"யாரும் என்னைத் தொடாதீங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் வாசல் காவலாளியே இரண்டடி பின்வாங்கினார். "இருமல், சளி எல்லாம் உங்ககிட்டதான் இருக்கு. என் மேல ஒட்டினா என்னை உள்ள விடமாட்டாங்க. தள்ளுங்க."

பால் டப்பாவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைக் கிழித்துப் போனாள். அவள் பின்னால் அவன். அவன் பின்னால் நானும் அக்காவும். துணி இறக்குகிற ஆள் என்பதால் என்னை அங்கே யாரும் மறிப்பதில்லை. அக்காவை மறிக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

வார்டு கதவில் அதே நர்ஸ். கருவியை நெற்றிக்கு நேராகக் காட்டினார். அவர் படித்துப் பார்க்க எடுத்துக்கொண்ட அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் சாமியையெல்லாம் கூப்பிட்டுவிட்டேன்.

"காய்ச்சல் இல்ல. முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுங்க."

அவள் கழுவவில்லை. "சிஸ்டர், எதை எடுக்கறாங்க?"

"என்னது?"

"என் பொண்ணுகிட்ட இருந்து எதை எடுக்கப் போறாங்க?"

உள்ளேயிருந்து டாக்டரம்மாவே வந்துவிட்டார். சின்ன வயசுக்காரர், கண்ணுக்குக் கீழே கறுப்பு. "வந்துட்டீங்களா, நல்லதாப் போச்சு. நேத்துல இருந்து பாப்பா தானாவே மூச்சு விடறா. மிஷின் சும்மா துணைக்குத்தான் நிக்குது. வாயில இருக்கற குழாயை எடுத்துடப் போறோம். நீங்க பக்கத்துல இருந்தா பயப்படமாட்டா, அதான் வரச் சொன்னேன்."

"குழாயை" என்றாள் தங்கச்சி.

"ஆமா, குழாயை."

"குழாயைத்தான்" என்று அவள் கணவன் பக்கம் திரும்பி, ஒரு அடி வைக்கலாமா என்கிற மாதிரி பார்த்தாள். அப்புறம் அடிக்கிற கையாலேயே அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். எனக்குப் பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். ரேடியோ அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கை கழுவி, எங்கள் கூடத்தில் வெளுத்த அங்கியை மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் உள்ளே போனார்கள். நாங்கள் கண்ணாடிக்கு வெளியே. கொஞ்ச நேரத்தில் நர்ஸ் கதவை ஒருக்களித்து, "கீழே விரிக்கச் சுத்தமான துணி ஏதாவது கொண்டு வந்தீங்களா? இது நனைஞ்சு போச்சு" என்று கேட்டார். அவர் கண் அக்காவின் மடியிலிருந்த உறை மேல் நின்றது. "அது புதுசுதானே? குடுங்க."

அக்கா உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "இது வேணாம் சிஸ்டர். இது ஆகாது."

"குடுங்க அண்ணி" என்று உள்ளேயிருந்து தங்கச்சியின் குரல்.

"அடியே, அது எதுக்குக் கொண்டாந்தேன்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். துணிக்குத் தெரியுமா? நல்லா வெளுத்த துணி, குடுங்க."

நர்ஸ் வாங்கிக்கொண்டு போய் விரித்தார். பாப்பாவை அதன் மேல் கிடத்தினார்கள். எங்கள் உருளையில் ஓடிய மடிப்புக் கோடுகள் கண்ணாடி வழியாகக்கூடத் தெரிந்தன.

கன்னத்துப் பட்டியைத் தண்ணீர் தொட்டுத் தொட்டு உரித்தார்கள். வாயில் இருந்த சளியை உறிஞ்சினார்கள். டாக்டரம்மா குனிந்தார், குழாய் வெளியே வந்தது. அவ்வளவு நீளம் உள்ளே இருந்திருக்கிறதா என்று நினைக்கும்போதே வந்து முடிந்துவிட்டது. மூக்குக்குக் கீழே ஆக்ஸிஜன் போகிற மெல்லிய குழலை வைத்தார்கள். பாப்பா அசையவில்லை. சுவரில் இருந்த திரையில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டுகிற எண் இறங்கியது. இன்னும் இறங்கியது. மிஷின் கூவ ஆரம்பித்தது. டாக்டரம்மா பாப்பாவின் முதுகைத் தேய்த்தார். தரையில் உட்கார்ந்திருந்த அக்காவின் நகம் என் மணிக்கட்டில் இறங்கியிருந்தது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அப்போது பாய்லர்காரன் பேச ஆரம்பித்தான். கட்டில் மேல் குனிந்து, "பாப்பா, அப்பா வந்திருக்கேன்மா, அம்மா வந்திருக்கா, அத்தை வெளிய நிக்கறா, டிரைவர் மாமா நிக்கறார், எல்லாரும் வந்திருக்காங்க, மூச்சு விடும்மா, விடு, என் தங்கமில்ல, விடு" என்று நிறுத்தாமல் பேசினான். கதவு முழுதாக மூடவில்லை, எங்களுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அவனுக்குள் இவ்வளவு பேச்சு இருந்ததா என்று அக்கா வாயைப் பிளந்தாள்.

பாப்பா இருமினாள். முகம் சிவந்தது. வாய் திறந்தது. முதலில் காற்று மட்டும் வந்தது, அப்புறம் சத்தம். பழைய சத்தம் இல்லை, கிழிந்த துணியை உதறுகிற மாதிரி ஒரு கரகரப்பு. ஆனாலும் அழுகை. வெளியே கேட்கிற அழுகை. எண் ஏறியது. மிஷின் கூவல் நின்றது.

"கேக்குது" என்றாள் தங்கச்சி. "எனக்குக் கேக்குது. எனக்குக் கேக்குதுங்க!"

"இந்தச் சத்தத்துக்குத்தாம்மா நாங்களும் காத்திருந்தோம்" என்றார் டாக்டரம்மா. ஆனால் உடனே சந்தோஷப்பட விடவில்லை. தொண்டை வீங்கியிருந்தால் மறுபடியும் குழாய் போட வேண்டி வரலாம், மத்தியானம் வரைக்கும் பார்க்க வேண்டும் என்றார். பார்த்தோம். மூச்சு விசிலடித்தது, ஒரு மருந்தைப் புகையாகப் பிடித்தார்கள், விசில் அடங்கியது. எண் இறங்கவில்லை. மத்தியானம் வந்தது, போயிற்று. டாக்டரம்மா வந்து நெஞ்சில் கருவி வைத்துக் கேட்டுவிட்டு, "இனிமே வேண்டியிருக்காது. ஜெயிச்சுட்டா" என்றார்.

அடுத்த கட்டிலில் இப்போது வேறு ஒரு குழந்தை படுத்திருந்தது. தங்கச்சி அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பாப்பா பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்டக்டர் முகம் எனக்கும் நினைவுக்கு வந்தது. அதே வார்டு, அதே டாக்டர், அதே வார்த்தை. நியாயம் என்று ஒன்று அங்கே இல்லை. இருந்தாலும் எங்கள் சந்தோஷத்தைக் குறைத்துக்கொள்ள எங்களால் முடியவில்லை, பொய் சொல்லவில்லை.

டாக்டரம்மா அறைக்கு வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எப்படியோ காவலாளியை ஏமாற்றி எங்கள் ஆட்கள் மாடி வரைக்கும் வந்து, வராந்தா நிறைய நின்றிருந்தார்கள். எல்லோர் முகமும் வீங்கியிருந்தது. சூபர்வைசர்கூட இருந்தார்.

"யாருங்க இவங்க எல்லாம்?"

பாய்லர்காரன் தலையைச் சொறிந்தான். "எடுக்கறதுக்கு வந்தவங்க" என்றான்.

"எதை?"

"அதைத்தான் நான் கேக்காம விட்டுட்டேன் டாக்டர்."

டாக்டரம்மாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் மாறியது. "நான் குழாயைன்னு சொன்னேனே... சொன்னேன்ல?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். "இல்ல, சொல்லாம விட்டுட்டேனோ? ஐயோ, ராத்திரி பூரா நீங்க அப்படியா நினைச்சுக்கிட்டு இருந்தீங்க?" அவர் கண் கலங்கிவிட்டது. அப்புறம் சிரிப்பும் வந்துவிட்டது, அடக்கப் பார்த்து முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சத்தியமா இனிமே எதை எடுத்தாலும் பேரைச் சொல்லித்தான் எடுப்பேன்."

"இவ்வளவு தூரம் வந்துட்டாங்க, முகத்தை மட்டும் பார்த்துட்டுப் போயிடட்டும் டாக்டர்" என்று நான் ஒரு பிட்டைப் போட்டேன்.

கண்ணாடிக்கு வெளியே நின்று, ஒவ்வொருவராக, சத்தம் போடாமல் என்று அனுமதி கிடைத்தது. வரிசை நின்றது. முகம் பார்க்கிற வரிசையில் எப்படி நிற்பது என்று எங்கள் ஆட்களுக்கு ஒரே ஒரு விதம்தான் தெரியும். கையைக் கட்டி, தலையைத் தொங்கப் போட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நகர்ந்தார்கள். கண்ணாடிக்கு முன்னால் வந்து நிமிர்ந்து பார்த்தால், அம்மா மடியில் ஒரு குழந்தை முஷ்டியை ஆட்டிக்கொண்டு ஊரையே திட்டுகிற மாதிரி அழுதுகொண்டிருக்கும். போகும்போது ஒரு முகம், திரும்பும்போது வேறு முகம். சூபர்வைசர் இரண்டு தரம் வரிசையில் நின்றதை நான் கண்டுபிடித்துவிட்டேன்.

கடைசியாக ரேடியோ அக்கா. அதுவரை தரையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. வெட்கம் ஒரு பக்கம், முட்டி வலி ஒரு பக்கம். நான் கை கொடுத்துத் தூக்கி விட்டேன். நர்ஸ் பாவம் பார்த்துக் கதவை ஒரு கை அகலம் திறந்து வைத்தார். அக்கா அந்த இடுக்கில் முகத்தை வைத்துப் பார்த்தாள். பாப்பா ஒரு மூச்சு இழுத்து, அடுத்த அழுகைக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

"அடியே குட்டி" என்றாள் அக்கா, வராந்தா முழுக்கக் கேட்கும்படி. "நாங்க இத்தனை பேரும் அழறதுக்குன்னே வேலையை விட்டுட்டு வந்தோம்டி. இப்ப நீ அழு. நாங்க கேக்கறோம்."

பாப்பா அழுதாள். நாங்கள் எல்லோரும் அப்படியே நின்று கேட்டோம். அன்று யாரும் அவளை அழாதே என்று சொல்லவில்லை.